பிளைவுட் விமானமும் யாருக்கும் வேண்டாத எஞ்சினும்

வணக்கம் நேயர்களே.

1941 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. எல்லையோரத்தில் இருந்த 66 சோவியத் விமானத்தளங்கள் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. நண்பகலுக்குள் சுமார் 1,200 சோவியத் விமானங்கள் போய்விட்டன. சோவியத் தரப்பே பின்னாளில் ஒப்புக்கொண்ட கணக்கு இது. அதில் 800 வரை மேலே கிளம்பவே இல்லை. நிறுத்தி வைத்த இடத்திலேயே எரிந்தன. பெலாரஸ் பகுதியில் விமானப்படைத் தளபதியாக இருந்த கோபெட்ஸ் தன்னையே சுட்டுக்கொண்டார். அவரைப் போல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய விமானப்படைத் தலைவர்கள் ரிச்சாகோவ், ஸ்முஷ்கேவிச் போன்றவர்களை ஸ்டாலின் அரசே சுட்டுக் கொன்றது. எதிரி பாக்கி வைத்ததை ஸ்டாலின் ஆட்களே முடித்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் 1944 ஜூனில், அதே பெலாரஸில், ஜெர்மன் விமானங்களை வானத்தில் தேட வேண்டியிருந்தது. மூன்றே வருடம். எப்படி நடந்தது?

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் எரிந்த விமானத்துக்குள் விமானி இல்லை. விமானம் போனது, ஓட்டுகிறவர் மிஞ்சினார். எரிந்தவற்றில் பெரும்பகுதி பழைய ரகம் வேறு. விமானத்தை மறுபடி செய்துவிடலாம், தொழிற்சாலை இருந்தால்.

அந்தத் தொழிற்சாலைகளைத்தான் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். வரோனெஷ் நகரத்துத் தொழிற்சாலை, வோல்கா கரையில் குய்பிஷெவ் போய்ச் சேர்ந்தது. இன்றைய சமாரா. கூரை வேலை முடியாத கொட்டகையில், ரஷ்யக் குளிரில், பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இல்-2 தாக்குதல் விமானங்களைப் பூட்டினார்கள். அப்படியும் ஸ்டாலினுக்குப் போதவில்லை. டிசம்பரில் மேலாளர்களுக்குத் தந்தி வந்தது: செம்படைக்கு, அதாவது சோவியத் ராணுவத்துக்கு, இந்த விமானம் காற்றைப் போல, ரொட்டியைப் போலத் தேவை. தந்தியின் தொனியைப் பார்த்தவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த கதை. விமானப்படை வரலாறு என்றாலே சாகச விமானிகளைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பட்டறைதான் முக்கியம்.

லாக்-3 என்று ஒரு சண்டை விமானம். அலுமினியத் தட்டுப்பாட்டால் மரத்திலும் பிளைவுட்டிலும் பசை போட்டுச் செய்தது. கனம் அதிகம், எஞ்சினுக்கு வலு குறைவு. வார்னிஷ் பூசிய சவப்பெட்டி என்று விமானிகளே பெயர் வைத்துவிட்டார்கள். அதை வடிவமைத்த லாவச்கின், கார்க்கி நகரில் வைத்திருந்த தொழிற்சாலையைப் போட்டியாளரான யாக் விமானத்துக்குக் கொடுத்துவிட முடிவாகிவிட்டது.

இன்னொரு பக்கம், யூரல் பக்கத்துப் பெர்ம் நகரில் ஷ்வெத்சோவ் என்பவர் வடிவமைத்த எம்-82 எஞ்சின்கள், பொருத்த விமானம் இல்லாமல் குவிந்து கிடந்தன. லாக்-3-இல் இருந்த பழைய எஞ்சின் தண்ணீரால் குளிர்வது, சுமார் 1,050 குதிரைத்திறன். இது காற்றால் குளிர்வது, 1,700. காருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மோட்டார் சைக்கிளுக்கு வேண்டாம், அந்த வித்தியாசம்தான். ஒரு குண்டு பட்டுத் தண்ணீர் ஒழுகி எஞ்சின் நின்றுபோகும் பயம் இல்லை. இதை லாக்-3-இல் பொருத்தப் பார்த்தார்கள். சிக்கல் என்னவென்றால், எஞ்சின் அந்த விமானத்தின் உடலைவிடக் கிட்டத்தட்ட ஒரு முழம் அகலம்!

என்ன செய்தார்கள்? உடலைப் புதிதாகச் செய்யவில்லை. முன்பக்கம் பக்கவாட்டில் பிளைவுட்டை ஒட்டி, எஞ்சினின் அகலத்துக்குப் பெருக்கினார்கள், அவ்வளவுதான். 1942 மார்ச்சில் அது பறந்தது. லா-5 பிறந்தது. பாதி செய்து கிடந்த லாக்-3 உடல்களையே எடுத்து லா-5 ஆக்க முடிந்ததால், உற்பத்தி வரிசை நிற்கவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். போர் நடக்கும்போது உற்பத்தி வரிசையை நிறுத்தக் கூடாது. ஆகஸ்டில் லா-5 ஸ்டாலின்கிராட் போர்முனைக்கு வந்துவிட்டது. குறையும் இருந்தது. எஞ்சின் சூட்டில் விமானியின் இடம் அடுப்படி மாதிரி காந்தியது. மேல்மூடியைத் திறந்து வைத்துப் பறந்தார்கள், அதனால் வேகம் குறைந்தது. அதையும் பிறகு சரிசெய்தார்கள். 1944-இல் அந்த நாடு எல்லா ரகமும் சேர்த்துச் செய்தது சுமார் 40,000 விமானம்.

நேரமாகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரலில் சோவியத் விமானப்படைத் தளபதியான நோவிகோவ், தரைப்படைகளிடம் சிதறிக் கிடந்த விமானங்களைச் சேர்த்து வான்சேனைகள் அமைத்தார். அமெரிக்காவிலிருந்து அலாஸ்கா வழியாகவும் ஈரான் வழியாகவும் விமானங்கள் வந்தன, அந்த உதவியை மறைக்கக் கூடாது. அப்படி வந்த ஏராகோப்ரா என்ற சண்டை விமானத்தில்தான் 1943-இல் தெற்கு ரஷ்யாவின் குபான் வானில் போக்ரிஷ்கின் என்ற விமானி பேர் வாங்கினார். முதல் நாள் போரில், முன்பின் பார்த்திராத சூ-2 என்ற சோவியத் குண்டுவீச்சு விமானத்தை எதிரி என்று நினைத்துத் தன் நாட்டு விமானத்தையே சுட்டு வீழ்த்தியவர் அவர்! நோவிகோவை 1946-இல் ஸ்டாலின் சிறையில் போட்டது தனிக் கதை, அதற்கு இன்று இடமில்லை. நன்றி, வணக்கம்.