ரூப்குண்டுக்கு ஏறும் வழி

நேயர்களுக்கு வணக்கம். உத்தரகாண்டில், திரிசூல் மலைக்குக் கீழே, ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. பெயர் ரூப்குண்ட். ஆண்டில் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும். பனி உருகும் ஆகஸ்ட், செப்டம்பரில் பார்த்தால் தண்ணீரிலும் கரையிலும் மனித எலும்புகள் தெரியும். 1942இல் ஒரு வனத்துறை அதிகாரி இதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

மேலே வாழும் மக்களிடம் இதற்கு ஒரு கதை உண்டு. கன்னோஜ் அரசன் ஒருவன், கருவுற்றிருந்த ராணியோடும் ஆடல் மகளிரோடும் நந்தாதேவி யாத்திரைக்கு வந்தான். புனித வழியில் ஆட்டம், பாட்டு. தேவிக்குக் கோபம் வந்தது. இரும்புக் குண்டு போல ஆலங்கட்டி மழை கொட்டி எல்லாரும் மாண்டார்கள். வெறும் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். சில மண்டையோடுகளில் மேலிருந்து கனமான உருண்டை ஒன்று விழுந்தது போன்ற அடி இருந்ததை ஆய்வாளர்கள் பிற்பாடு கண்டார்கள்.

அப்புறம் 2019இல் இன்னொரு ஆய்வு வெளியானது. 38 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். 23 பேர் தெற்காசிய வம்சாவளி, இறந்தது கி.பி. 800ஐ ஒட்டி. 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து வம்சாவளி! அவர்கள் இறந்து சுமார் 200 ஆண்டுதான் ஆகிறது. இன்னொருவர் தென்கிழக்காசிய வம்சாவளி. கிரேக்கப் பக்கத்து ஆட்கள் அந்த உயரத்துக்கு ஏன் வந்தார்கள்? இன்றுவரை விடை இல்லை.

இங்கேதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பாறைச் சரிவு எலும்புகளைக் கலைத்தது ஒரு பங்கு என்றால், நடந்து போனவர்கள் புரட்டிப் போட்டதும் எடுத்துக்கொண்டு போனதும் இன்னொரு பங்கு. எந்த எலும்பு எந்த உடலோடு கிடந்தது, யார் பக்கத்தில் யார் விழுந்தார் என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஒருவர் ஒரு விரலெலும்பை எடுத்தால் ஒரு சாட்சி போச்சு. அதனால் சொல்கிறேன்: அங்கே போனால் எதையும் தொடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள்.

சரி, வழிக்கு வருவோம். வாண் கிராமத்திலிருந்து காட்டு வழியாக ஏறினால் பேத்னி புக்யால் என்னும் பரந்த புல்வெளி. அதற்கு மேல் பாதர் நச்சௌனி, அப்புறம் காலு விநாயக் என்னும் கறுப்புக் கல் பிள்ளையார். அவரை வணங்காமல் யாரும் தாண்டுவதில்லை. ஏரிக்கரையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே 3,000 மீட்டருக்கு மேலே போனால், முந்தின இரவு தங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தங்காதீர்கள். தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறக்கூடாது. குறையவில்லை என்றால் இறங்கிவிடுங்கள். ஏரி அங்கேயேதான் இருக்கும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். புல்வெளிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: கூடாரமும் குப்பையும் பெருகியதால் 2018இல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் அந்தப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. புறப்படும் முன் இப்போது எதுவரை விடுகிறார்கள் என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.