நண்பனுக்கு ஏன் மச்சான் என்று பெயர்?

மாணவர்களே, வணக்கம்.

நெருங்கிய நண்பனை நீங்கள் அண்ணன், தம்பி என்று அழைப்பதில்லை. மச்சான் என்கிறீர்கள். இதன் காரணம் நம் உறவுமுறைக்குள் இருக்கிறது.

பெரியப்பா, சித்தப்பா மக்கள் உடன்பிறந்தார் முறை, அவர்கள் பங்காளிகள். பங்காளி என்றாலே பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும் கூடவே வரும். மாமன் மகனும் அத்தை மகனும் மனைவியின் சகோதரனும் சகோதரியின் கணவனும் மச்சான்கள். அவர்களோடு நமக்கு இருப்பது கொள்வினை கொடுப்பினை. கேலி செய்யும் உரிமையும் அந்த உறவோடு சேர்ந்தே வருகிறது. மணமேடையில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுபவன் மச்சான். பந்தியில் "போதும், போதும்" என்று மாப்பிள்ளை கை மறைக்க, விரலிடுக்கு வழியே இன்னொரு ஜாங்கிரியை இலையில் தள்ளிவிட்டுச் சிரிப்பவனும் அவனே. அண்ணனிடம் அப்படி விளையாட முடியுமா? நட்புக்கு வேண்டியது அந்த விளையாட்டு உரிமைதான். அதனால்தான் மச்சானுக்கு மறுமொழியாக 'மாப்பிள்ளை' என்ற விளியும் கூடவே வந்துவிட்டது.

'மச்சி'யின் கதை இன்னும் வியப்பானது. உறவுமுறையில் அது பெண்ணைக் குறிக்கும் சொல். இன்று ஆண் நண்பனுக்கு உரியதாகிவிட்டது.

இச்சொல் தமிழோடு நிற்கவில்லை. இலங்கையில் சிங்கள நண்பர்கள் தங்களுக்குள் 'மச்சங்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அது நம் மச்சான்தான். இத்தனை கசப்புக்குப் பிறகும் இரண்டு மொழிக்காரர்களும் நண்பனை ஒரே சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்பதை எண்ணினால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. மலேசியாவில் பிற இனத்தவர் தமிழரை 'மச்சா' என்பதுண்டு. பழகியவர் சொன்னால் மகிழ்ச்சி. முன்பின் தெரியாதவர் சொன்னால் பலருக்குச் சுருக்கென்று தைக்கிறது. பழகாமலே உரிமை எடுத்துக்கொண்டால் கோபம் வரத்தானே செய்யும்?

கடைசியாக ஒன்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீட்டாருக்குள் வழங்கும் சொல் இது. ஊரில் சாதி கடந்து அந்தச் சம்பந்தத்தைப் பேசினால் அரிவாளைத் தூக்குகிறார்கள். கல்லூரி விடுதியிலோ எந்தச் சாதிப் பிள்ளையும் எந்த மதத்துப் பிள்ளையும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனை மச்சான் என்று எழுப்பி, ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இந்தச் சொல்லைக் கொச்சை என்று சொல்லிப் பெரியவர்கள் உங்களைத் திருத்த வந்தால், இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.