திமிர் என்றால் மரத்துப்போவது

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, எனக்கு முன் அருமையாக வாழ்த்துரை வழங்கிய முன்னாள் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஆள் இல்லாததால் நாற்காலிகளைத் தானே தூக்கிப் போட்ட நூலகர் அவர்களே, துண்டு போர்த்திய குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் அவர்களே, வெயிலில் நடந்து வந்திருக்கும் பெரியவர்களே, பின்வரிசைத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

‘சுயநலத்தைக் குறிக்கும் சொற்கள்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. தன்னலம், சுயநலம், ஆணவம், மமதை, செருக்கு, திமிர் என்று ஆறு சொற்களைக் குறித்து வந்திருக்கிறேன். அதற்கு முன் என் பாட்டி ஓயாமல் சொன்ன பழமொழி ஒன்று: தன் முதுகு தனக்குத் தெரியாது. இந்த ஆறு சொல்லையும் நாம் அடுத்தவரைப் பார்த்துத்தான் சொல்கிறோம். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவர் அபூர்வம்.

தன்னலமும் சுயநலமும் ஒரே பொருள்தானே என்பீர்கள். அகராதியில் அப்படித்தான். பேச்சில் வேறு. ‘தன்னலமற்ற தொண்டு’, ‘தன்னலம் கருதாமல்’ என்று பாராட்டும்போதுதான் தன்னலம் வருகிறது, அதுவும் இல்லை என்று சொல்வதற்காக. தெருச் சண்டையில் யாரும் ‘தன்னலக்காரா’ என்று கத்துவதில்லை. அங்கே சுயநலம்தான்.

ஆணவம் இதைவிட ஆழமான சொல். ஆணவக்காரன் என்றதும் நிமிர்ந்த மார்பு, உரத்த குரல், பெரிய உருவம் நம் மனதில் வருகிறது. சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களில், அதாவது உயிரைப் பற்றிய அழுக்குகளில், ஆணவம் முதலாவது. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியிருப்பது என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் அணு. எங்கும் விரிய வேண்டிய உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடுவதால் அது ஆணவம். ‘நான் பெரியவன்’ என்கிறவனைப் பார்த்து, நீ சுருங்கிக்கொண்டிருக்கிறாய் என்று சொல்கிற சொல் இது. பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

மமதை அப்புறம். திமிரை முதலில் பார்த்துவிடலாம். திமிர் என்றால் மரத்துப்போவது. கைகால் உணர்ச்சியற்றுப் போகும் நோய்க்குத் திமிர்வாதம் என்று பெயர். திமிர் பிடித்தவன் என்றால் தொட்டாலும் தெரியாதவன், பக்கத்து வீட்டு வலி எட்டாதவன். இந்தச் சொல்லை எனக்குப் புரியவைத்தது 2019ஆம் வருடத்துக் கோடைக்காலம்.

உங்களுக்கும் நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் குடியிருப்பில் 12 வீடு. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. மூன்று நாளைக்கு ஒரு லாரி, காலையில் அரை மணி நேரம் மட்டும் மோட்டார். மூன்றாம் மாடிக்காரர் அந்த அரை மணியில் அளவுக்கு மேல் பிடித்து வைக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. நான்தான் கூட்டம் கூட்டினேன். மாடிப்படிக்குக் கீழே எல்லாரும் நிற்க, ‘இது பச்சைச் சுயநலம்’ என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பேசவில்லை. தரைத்தளத்து அம்மா, எழுபதைத் தாண்டியவர், இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

‘சார், உங்க பால்கனியில ரெண்டு நீல ட்ரம் நிக்குதே, அது எப்போ ரொம்புது?’

எல்லாரும் என் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவசரத்துக்கு வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லி நிரப்பி வைத்த ட்ரம்கள். மூன்றாம் மாடிக்காரருக்கும் காரணம் இருந்தது. அவர் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், ஒரு நாளைக்கு நான்கு முறை துணி அலச வேண்டும். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் எனக்கு அது தெரியவில்லை. மரத்துப்போவது என்றால் அதுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது. அந்த அம்மா காட்டிக் கொடுத்தார், இன்றும் அவரை வணங்குகிறேன்.

அன்று சாயங்காலம் ட்ரம்களைக் கீழே இறக்கினேன். அப்புறம் மூன்றாம் மாடிக்காரரும் நானும் இன்னும் இரண்டு பேரும் பின்பக்கத்து மழைநீர்க் குழியின் மூடியைத் தூக்கினோம். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டியது. 16 வருடம் யாரும் திறக்கவில்லை. கூழாங்கல்லே தெரியாத அளவுக்குச் சேறும் பிளாஸ்டிக் கவரும். மாடியில் விழுந்த மழையெல்லாம் அத்தனை வருடமும் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

கணக்கைக் கேளுங்கள். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரி என்றால் பத்து லாரிக்கு மேல். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் நம் போரில் மட்டும் நிற்காது, பக்கத்து வீட்டுப் போருக்கும் போகும். அதனால்தான் பலர் செய்வதில்லை என்று எனக்குச் சந்தேகம். ‘அன்பிலார் எல்லாம் தமக்குரியர்’ என்ற குறளை இந்த நூலகத்தில் எத்தனை முறை பேசியிருப்போம்!

செருக்கும் மமதையும் பாக்கி. தலைவர் ஐயா மணி பார்க்கிறார், அவர் பொறுமைக்கு நன்றி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கட்டடத்துக் குழியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று அதில் எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். மண்வெட்டி, வாளி, நாலு ஆள் எங்களிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் வீட்டுக்கு வருகிறோம்.