மாதவியின் மாலையும் நம் வீட்டுப் பந்தலும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. நடுவில் கரண்ட் போனதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர், எனக்கு யாப்பு சொல்லிக்கொடுத்த தமிழய்யா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியக் கவுன்சிலர் அம்மா அவர்களே, வரவேற்புரையிலேயே என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட செயலாளர் அண்ணன் அவர்களே, நாற்காலி போதாமல் தன் நாற்காலியையும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். வர்த்தக சங்கத் தலைவர் இப்போதுதான் வருகிறார். வாங்கண்ணே, முன்னால் உட்காருங்க. உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம் வைக்காமல் ஆரம்பித்தால் நாளைக்குக் கடையில் எனக்கு எடை சரியாக நிற்காது.

நோட்டீஸில் 'இலக்கியத்திலும் கலையிலும் களியாட்டம்' என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வரும் இடத்தில் இது என்ன தலைப்பு என்று ஒருவர் கேட்டாராம். நம் புலவர்கள் கள்ளைப் பற்றியும் கூத்தைப் பற்றியும் எழுதிய அளவுக்கு வேறு எதைப் பற்றி எழுதினார்கள் என்று அவரை நான் திருப்பிக் கேட்கிறேன். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று சிலம்பு, இரண்டு கம்பன், மூன்று மேல்நாட்டு ஓவியங்கள். அதற்கு முன் எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் 'ஆரம்பிச்சுட்டாருடா' என்று சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை, இன்னும் இரண்டு மூன்று தடவை வரும்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து இரவு ஒன்று வரும். 'மட்டு நீக்கி மது மகிழ்ந்தும்' என்கிறார் புலவர். மயக்கத்தில் ஆண்கள் சூடிய கண்ணியைப் பெண்கள் சூடிக்கொள்கிறார்கள், பெண்களின் கோதையை ஆண்கள் போட்டுக்கொள்கிறார்கள். அதைச் சொல்லும் இடத்தில் திட்டு கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. ஊர் செழிப்பாக இருக்கிறது, கொண்டாடுகிறது, அவ்வளவுதான். அதே ஊரில்தான் கோவலனும் இருந்தான்.

சிலம்பில் அந்த மாலை விற்கிற இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாதவி அரங்கேறுகிறாள். சோழன் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் மதிப்புள்ள பச்சை மாலையும் கொடுக்கிறான். அந்த மாலையை ஒரு கூனியின் கையில் கொடுத்து நகரத்து இளவட்டங்கள் திரிகிற தெருவில் நிறுத்துகிறார்கள். மாலையை வாங்குகிறவன் எங்கள் பெண்ணுக்குத் தகுந்தவன் என்று விளம்பரம். ஒரு கழஞ்சுக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் என்று கணக்குப் போட்டால்கூட ஐந்து கிலோ, பவுனில் அறுநூறுக்கு மேல்! கோவலன் பேரம் பேசியதாக இளங்கோ ஒரு வரிகூட எழுதவில்லை. வாங்கினான், கூனியோடு அவள் வீட்டுக்குப் போனான், 'விடுதல் அறியா விருப்பினன்' ஆனான், தன் வீட்டை மறந்தான். ஒரு கல்யாணமான பிள்ளையின் கதை நாலைந்து வரியில் முடிகிறது.

ஆனால் இளங்கோ மாதவியை மட்டம் தட்டவில்லை. அவள் ஆட்டத்தையும் யாழையும் குழலையும் அரங்கத்தின் அளவையும்கூட அவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறார். நமக்கே அந்த அரங்கில் உட்கார்ந்து பார்க்கத் தோன்றும். பிறகுதான் பில்லை நீட்டுகிறார். எல்லாம் தீர்ந்து கோவலன் வீடு திரும்புகிறான். முன்னோர் தந்த மலை போன்ற செல்வம் போய்விட்டது, இந்த வறுமை எனக்கு நாணத்தைத் தருகிறது என்கிறான். கண்ணகி என்ன நினைக்கிறாள்? மாதவிக்குக் கொடுக்கத்தான் கையில் காசில்லையோ என்று எண்ணிக்கொள்கிறாள். எண்ணிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, 'சிலம்பு உள கொண்ம்' என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். களியாட்டத்துக்குக் கடைசியில் யார் வீட்டுப் பெட்டி திறக்கிறது என்பதை இந்த மூன்று சொல்லில் வைத்துவிட்டார் மனுஷன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அப்பத்தா சொன்னதும் இதைத்தான், அவளுக்குச் சிலம்பு தெரியாது, அடகுக் கடை தெரியும்.

அடகுக் கடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, சொல்லிவிடுகிறேன், செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இரட்டைக் குதிரை சாரட்டு. மேலே ட்ரோன். முன்னால் செண்டை மேளம், அதற்கும் முன்னால் பத்தாயிரம் வாலா. பட்டாசைக்கூடக் குதிரை பொறுத்துக்கொண்டது. ட்ரோன் தலைக்கு மேல் தாழ இறங்கி 'ர்ர்ர்' என்றதும் பாருங்கள், சாரட்டுக்காரர் கையில் கடிவாளம் இல்லை, சாரட்டில் மாப்பிள்ளை மட்டும்தான். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், சாரட்டு அவர்களைத் தாண்டிப் போகிறது! 'ஏ நிறுத்துங்கப்பா' என்று கூட்டம் பின்னால் ஓடுகிறது, செண்டைக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அடித்துக்கொண்டே ஓடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு தாண்டி, ரேஷன் கடை தாண்டி, தவிட்டுக் கடை வாசலில் போய்த்தான் குதிரைகள் நின்றன. நின்று, பிரித்து வைத்திருந்த மூட்டையில் வாயை வைத்தன. மாப்பிள்ளை ஷெர்வானியோடு இறங்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நிற்கிறார். கடைக்காரர் வெளியே வந்து மாப்பிள்ளையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'தம்பி, தவிட்டுக்குக் காசு யாரு தருவா?' என்று கேட்டார். தந்தது பெண்ணைப் பெற்றவர். எல்லாவற்றையும் ட்ரோன்காரர் விடாமல் படம்பிடித்திருக்கிறார், கல்யாண வீடியோவில் நன்றாக வந்த பகுதி அதுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். பெண்ணைப் பெற்ற அந்த அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அந்தக் கல்யாணத்துக்காக அடகுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கம்பனுக்கு வருவோம். பால காண்டத்தில் உண்டாட்டுப் படலம் என்று ஒரு படலமே இருக்கிறது. மிதிலைக்குப் போகிற வழியில் தசரதனின் கூட்டம் குடித்துக் கொண்டாடுகிறது. அதில் ஒரு பெண், கையில் கள் கிண்ணம், அதற்குள் நிலாவின் நிழல் தெரிகிறது. வானத்துப் பாம்புக்குப் பயந்து இங்கே வந்து ஒளிந்துகொண்டாயா, பயப்படாதே, 'அளித்தனென் அபயம்' என்று நிலாவுக்கு ஆறுதல் சொல்கிறாள். போதையை இவ்வளவு அழகாக எழுதியவர் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழய்யா தலையாட்டுகிறார், அது போதும். அதே கம்பன் கிட்கிந்தையில் சுக்கிரீவனைக் குடிக்க வைத்து, சொன்ன சொல்லை மறக்க வைத்து, இலக்குவன் கோபத்தோடு வந்து நின்றதும் சுக்கிரீவன் வாயாலேயே 'தாய் இவள், மனைவி என்னும் தெளிவு இன்றேல் தருமம் என் ஆம்' என்று கேட்க வைக்கிறான். இதை விரிவாகப் பேசத்தான் குறிப்பு எடுத்து வந்தேன், நேரமில்லை.

மூன்றாவது, ஹோகார்த் என்று ஓர் ஆங்கில ஓவியர், 1730களில் எட்டுப் படமாக ஒரே கதையை வரைந்தார். அப்பன் சேர்த்து வைத்த காசு கைக்கு வந்த பையன், முதல் படத்திலேயே தையல்காரர் அவனுக்கு அளவெடுக்கிறார், கடைசிப் படத்தில் மனநோய் விடுதியில் கிடக்கிறான். லண்டனில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது, செல்போனிலேயே பார்க்கலாம். அதைப் பற்றி இன்னொரு நாள்.

ஏனென்றால் நான் வந்த வேலை வேறு. கோவலன் மாதவியிடம் போனதால்தான் எல்லாம் கெட்டது என்று நாம் சொல்கிறோம். கதை எங்கே ஆரம்பிக்கிறது? கல்யாணத்தில். பெண்களை யானை மேல் ஏற்றி ஊர் முழுக்க அழைப்பு, நீல விதானம், முத்துப் பந்தல். அந்த வீட்டுக்கு அது தாங்கியது, கப்பல் வணிகர் வீடு. நமக்கு? காதுகுத்துக்குக் கடன், சடங்குக்குக் கடன், கல்யாணத்துக்கு வீட்டுப் பத்திரம். வரவு சிறிதானாலும் கெடுதல் இல்லை, செலவு விரியாமல் இருந்தால் போதும் என்கிறார் வள்ளுவர், 'போகாறு அகலாக் கடை'. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள், நாம் அளக்காமல் சாரட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். விருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடிக்கப் பிடிக்கும்.

கேட்பது இவ்வளவுதான். ஒரு நாள், ஒரு வேளைப் பந்தி, சாரட்டு இல்லை, ட்ரோன் இல்லை, ஊர் முழுக்க பேனர் இல்லை. நம் ஊரில் இதை எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் யாருக்கும் கௌரவக் குறைச்சல் வராது, ஒருவர் மட்டும் செய்தால் கஞ்சன் என்பார்கள். அடுத்த கிராமசபையில் தீர்மானமாக வைக்கலாம் என்று இருக்கிறோம். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை மேல் நோட்டு இருக்கிறது, பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது. முதல் கையெழுத்து தன்னுடையது என்று கவுன்சிலர் அம்மா மேடை ஏறும்போது என் காதில் சொன்னார்கள், அதை மைக்கில் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது. வர்த்தக சங்கத் தலைவர் அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம், இரண்டாவது கையெழுத்து அவருடையது. எழுந்திருங்கண்ணே. நன்றி, வணக்கம்.