வேரா மென்சிக்: பெக்கரின் கல்மதில் ஏன் நிற்கவில்லை?

[திரை: வெறும் செஸ் பலகை]

வணக்கம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சனி, ஞாயிறு செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்காக இந்த வீடியோ. பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், காய் அடுக்க வேண்டி வரும்.

[திரை: மாஸ்கோ, பிறகு ஹேஸ்டிங்ஸ்]

வேரா மென்சிக் 1906இல் மாஸ்கோவில் பிறந்தார். அப்பா செக் நாட்டவர், அம்மா ஆங்கிலேயர். 1921இல் தாயோடும் தங்கையோடும் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸுக்கு வந்தபோது ஆங்கிலம் சரியாக வராது. வாய் திறக்காமலே ஆடலாம் என்பதால் செஸ்ஸில் ஊறிப்போனார். பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஹங்கேரியின் செஸ் வீரர் மாரோட்ஸி. 1927இல் லண்டனில் நடந்த முதல் மகளிர் உலகப் போட்டியில் 11 ஆட்டங்களில் பத்தரைப் புள்ளி. 1939 வரை மொத்தம் 7 முறை பட்டம்.

[திரை: கார்ல்ஸ்பாட், 1929]

இந்தச் செஸ் போட்டியில் ஆடிய 22 பேரில் வேரா ஒருவரே பெண். இவரிடம் தோற்பவர்களை 'வேரா மென்சிக் கிளப்'பில் சேர்க்க வேண்டும் என்று அதே போட்டியில் ஆடிய ஆல்பர்ட் பெக்கர் கேலி பேசினார். முதல் உறுப்பினர் அவரேதான். எல்லாரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டத்தைப் பார்ப்பதுதான் நியாயம்.

[திரை: காய்கள் ஒவ்வொன்றாக வரும்]

பெக்கர் கறுப்பு, வேரா வெள்ளை. கறுப்புச் சிப்பாய்களை சி6, டி5, இ6, எஃப்5இல் வையுங்கள். இந்தச் சிப்பாய் வரிசைக்குப் பெயர்தான் கல்மதில். குதிரை இ4இல், ராணி எச்4இல். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நான்கு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன, சி8 மந்திரியும் வெள்ளைக் கட்டத்து மந்திரி. சொந்த மதிலே அதற்குச் சிறை. வேரா தன் குதிரையை இ5இல் நிறுத்தி, கோட்டை கட்டி (ராஜா ஜி1இல், கோட்டைக் காய் எஃப்1இல்), எஃப்4 சிப்பாயால் முட்டுக்கொடுத்தார். டி, எஃப் சிப்பாய்கள் தாண்டிப் போய்விட்டதால் அந்தக் குதிரையை விரட்டக் கறுப்பிடம் சிப்பாயே இல்லை.

இங்கே பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது வெள்ளைச் சிப்பாயை ஜி3க்குத் தள்ளுவதில். ராணியைத் துரத்துகிறோம் என்று நினைப்பார்கள். கறுப்புக் குதிரை ஜி3ஐ வெட்டி எஃப்1 கோட்டையைக் குறிவைக்கும். எச் சிப்பாயால் அதை எடுத்தால் ராணி ஜி3இல் செக், அடுத்தது எச்3இல் செக், மறுபடி ஜி3. குறைந்தது டிரா கிடைத்துவிடும்.

அந்தக் கார்ல்ஸ்பாட் போட்டியில் வேராவுக்கு 21 ஆட்டங்களில் 3 புள்ளிதான், கடைசி இடம். அதே ஆண்டு இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கப்பபிளாங்காவுக்கு அடுத்து, பெரிய வீரரான ரூபின்ஸ்டைனோடு இரண்டாமிடத்தைப் பகிர்ந்தார். பிற்பாடு உலகச் சாம்பியனான மாக்ஸ் யூவையும் இவரிடம் இருமுறை தோற்றவர்.

[திரை: லண்டன், கிளாப்ஹம்]

1944 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் வி-1 குண்டு வீட்டில் விழுந்து தாய், தங்கையோடு வேராவும் இறந்தார். வயது 38. உலகப் பட்டம் அன்றும் அவரிடமே இருந்தது. செஸ் ஒலிம்பியாடில் மகளிர் பிரிவில் முதலாவதாக வரும் அணி வாங்கும் கிண்ணம் வேரா மென்சிக் கிண்ணம். இலங்கை மகளிர் அணி போய் ஆடுவதும் அந்தக் கிண்ணத்துக்காகத்தான்.