ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(புதுச்சேரி லாஸ்பேட்டையில் நடந்த நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தொகுதிப் பணிகளுக்கு நடுவிலும் நேரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, கல்வித்துறை அதிகாரிகளே, அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களே, கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் மீனவப் பெரியவர்களே, விடியற்காலை தொடங்கிப் பந்தலையும் ஒலிபெருக்கியையும் பார்த்துக்கொண்ட தெரு இளைஞர்களே, ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே, பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் கால் மணி நேரம் தந்திருக்கிறார். அவர் பெருந்தன்மையை நம்பி மூன்று செய்திகளை எடுத்துக்கொள்கிறேன். விமானம் ஓட்டிய நம் ஐயா எரிபொருளை அளந்த விதம், காற்றைப் படித்த விதம், பறந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிய விதம்.

ஐயாவை 'துணிச்சல்காரர்' என்று எனக்கு முன்னால் பேசிய மூவரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் துணிச்சல் எதன்மேல் நின்றது என்று பார்க்க வேண்டும். அவர் மகள் கையில் ஒரு மூங்கில் குச்சி இருக்கிறது, பாருங்கள். முழங்கை நீளம்கூட இருக்காது. கத்தியால் கீறி, கீறலில் கறுப்பு மை ஏற்றி, பக்கத்தில் எண் எழுதியிருக்கிறது. எரிபொருள் தொட்டிக்குள் இதை நட்டுக்குத்தலாக விட்டு எடுத்தால் எந்தக் கீறல் வரை நனைந்திருக்கிறதோ அதுதான் இருப்பு. சாய்த்து விட்டால் அதிகமாகக் காட்டும். ஈரக் குச்சியை விட்டாலும் தப்பாகக் காட்டும். துடைத்துவிட்டுத்தான் விட வேண்டும். முள் காட்டும் கருவியை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. மகளுக்கு எண் படிக்கத் தெரிந்த வயதிலிருந்து அந்தக் குச்சியை அவள் கையில் கொடுத்து, "எத்தனைம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திருகுவார். அப்போது தவறாமல் அவர் வாயில் வரும் பழமொழி, 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு'.

அளந்தால் மட்டும் போதாது, அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டும். நம் கடற்கரையில் ராத்திரி ஈரம் அதிகம். தொட்டி பாதி காலியாக நின்றால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகும். பெட்ரோலைவிட நீர் கனம், அதனால் அடியில் தங்கும். காலையில் முதல் வேலையாகத் தொட்டியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். அடியில் முத்து மாதிரி நீர் உருண்டால், அது நிற்கும் வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். அந்த நீர் கார்புரேட்டருக்குப் போனால் எஞ்சின் நிற்கும். அதுவும் பெரும்பாலும் விமானம் தரையை விட்டு எழும்பிய கையோடு நிற்கும்.

ஐயா மீனம்பாக்கத்தில் ஓட்டிய புஷ்பக் நம் நாட்டிலேயே செய்த விமானம். 1958இல் முதலில் பறந்தது. இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்காரலாம். 90 குதிரைத்திறன் எஞ்சின், மேலே துணி போர்த்திய உடம்பு. விசிறியைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். சென்னை வட்டாரத்துக்கு அதைவிடப் பழைய பெருமையும் உண்டு. கோர்சிகாவிலிருந்து வந்து சென்னையில் ஓட்டல் நடத்திய தாஞ்செலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தாரின் துணையோடு விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறந்தது 1910இல்!

மீண்டும் எரிபொருளுக்கு வருகிறேன். அளப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஐயா எல்லா இடத்திலும் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. கேட்டவர்களும் இன்னொரு முறை கேளுங்கள். 1983 ஜூலை 23, கனடா நாடு. மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகும் ஏர் கனடா போயிங் 767. அதில் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. சரி, கையால் அளப்போம் என்றார்கள். அளந்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77ஆல். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண்! அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களெல்லாம் பவுண்டுக் கணக்கு, இந்தப் புது விமானம் மட்டும் கிலோக் கணக்கு. பழக்கம் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. 13,597 கிலோ இருக்கிறது என்று எண்ணி 4,916 லிட்டர் மட்டும் ஊற்றினார்கள். உண்மையில் ஊற்ற வேண்டியது 20,088 லிட்டர். ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்கள். அங்கேயும் அதே 1.77.

41,000 அடி உயரத்தில் ஒரு பக்க எச்சரிக்கை மணி. அப்புறம் அடுத்த பக்கம். இரண்டு எஞ்சினும் நின்றன. 61 பயணிகள், 8 ஊழியர்கள். எஞ்சின் ஓட்டமில்லாமல் விமானி முன்னால் இருந்த கருவித் திரைகள் கறுத்துப்போயின. அந்த நேரத்தில் ஓட்டி கேப்டன் பாப் பியர்சன் என்ன செய்தார்? அவர் ஓய்வு நாட்களில் எஞ்சினே இல்லாத கிளைடர் ஓட்டுபவர்! கைவிடப்பட்ட கிம்லி விமானப்படைத் தளத்தைக் குறிவைத்தார். அங்கே ஓடுபாதையைப் பந்தயப் பாதையாக்கிக் குடும்பங்கள் கூடியிருந்தன, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உயரமும் வேகமும் மிஞ்சிப்போனது. அப்போது கிளைடர்காரர்கள் செய்வதைச் செய்தார். ஒரு பக்கம் இறக்கையைச் சாய்த்து, எதிர்ப்பக்கம் காலால் சுக்கானை மிதித்து, விமானத்தைக் குறுக்காகச் சரியவிட்டார். காற்றில் உடம்பு குறுக்கே நின்றால் இழுவை கூடும், வேகம் ஏறாமல் உயரம் இறங்கும். முன்சக்கரம் மடங்கியது, மூக்கு தரையில் உரசியது, நின்றது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, ஆனால் எந்தப் படியால் அளக்கிறாய் என்றும் பார்த்துப் போடு!

இரண்டாவது, காற்று. தேவனாம்பட்டினத்துப் பெரியவர்கள் இங்கே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஐயா கரையோரம் வரும்போதெல்லாம் அவர்களிடம் கேட்டது ஒன்றே: "கொண்டல் எத்தனை மணிக்கு ஏறும்?" கோடையில் காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். நண்பகலை ஒட்டித் தரை சூடாகி, கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். அதுதான் கொண்டல். காலையில் மேற்கு நோக்கி எழும்பிய விமானம் மதியம் திரும்பும்போது கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். பழக்கத்தில் மேற்கே இறங்கினால் பின்காற்று தள்ளி, ஓடுபாதை போதாமல் போகும். மீனம்பாக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு நேர்வழி சுமார் 120 கிலோமீட்டர். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம், பாலாற்று முகத்துவாரம், மரக்காணம் உப்பளம், ஆரோவில் மாத்ரி மந்திரின் பொன் உருண்டை என்று வழி கீழேயே எழுதியிருக்கும். ஆனால் 60 மைலுக்கு ஒரு டிகிரி பிசகினால் ஒரு மைல் விலகல். பக்கக்காற்றைக் கணக்கில் எடுக்காமல் 5 டிகிரி பிசகினால், வந்து சேரும்போது வழியிலிருந்து 5 மைலுக்கு மேல் விலகிக் கடலுக்குள் இருப்போம்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதாகச் சொன்ன பதிவேட்டை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். கல்வித்துறை அதிகாரிகள் எழுந்து போகும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் விமான மாதிரி மன்றம் வேண்டும். சிலை வேண்டாம், தெருவுக்குப் பெயர் வேண்டாம். தந்தையாக ஐயா தன் பிள்ளைகளுக்குத் தந்த ஒரே பொம்மை கிளைடர்தான். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

செலவு பெரிதில்லை. பால்சா மரம் கிடைக்காவிட்டால் மெல்லிய தெர்மாகோல் தகடு. இறக்கை 40 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். நடுவில் வெட்டி, இரு நுனிகளும் 3 செ.மீ. உயர்ந்திருக்கும்படி முட்டுக்கொடுத்து ஒட்ட வேண்டும். அந்த உயரம்தான் சாய்ந்தால் நிமிர்த்தும். வெள்ளைப் பசை மட்டும் போடுங்கள். உடனே ஒட்டும் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2.3 செ.மீ. தள்ளி அடியில் இருபுறமும் புள்ளி வைத்து, இரண்டு விரல்நுனியில் தாங்குங்கள். மட்டமாக நிற்கும்வரை மூக்கில் களிமண். எறிந்தால் மூக்கைத் தூக்கித் தயங்கி விழுகிறதா, களிமண் போதவில்லை. தலைகுப்புறப் போகிறதா, கிள்ளி எடுங்கள். ஒரே பக்கம் திரும்புகிறதா, இறக்கை முறுக்கியிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஈர்ப்பு மையம் என்ற சொல் இப்படி விரல்நுனியில் விளங்கினால், அது ஆயுளுக்கும் மறக்காது. வாரம் ஒரு பாடவேளை, ஓர் ஆசிரியர், ஒரு பசை டப்பா. சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் தொகுதியிலேயே இதைத் தொடங்கலாம், மனம் வைக்க வேண்டும்.

பந்தலுக்கு வெளியே இருபது பிள்ளைகள் கிளைடரோடு காத்திருக்கிறார்கள். மணி பத்தரை. பெரியவர்கள் கணக்குப்படி பதினொன்றுக்குக் கொண்டல் ஏறிவிடும். அதற்குள் எல்லாரும் மைதானத்துக்குப் போய்விடலாம், முதல் கிளைடரை அம்மா எறிவார்.