கட்டன்சாயாவும் ஈறு ரத்தமும்

(தக்கலை அருகே ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வாசகர் வட்டத்துப் பிள்ளைகளே, வணக்கம்.

வாயில் இருக்கிற கிருமிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கிருமி என்றாலே கொல்லத்தான் நமக்குத் தோன்றுகிறது. டிவி விளம்பரமும் 99 சதவீதம் கொன்றுவிட்டதாகச் சொல்கிறது. மறுநாளே அத்தனையும் திரும்பி வந்துவிடும் என்பதைச் சொல்வதில்லை. மனித வாயில் இதுவரை 700 வகைக்கு மேல் பாக்டீரியாக்களைக் கண்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே வந்து சேர ஆரம்பித்துவிடும். பெரும்பாலானவற்றால் நமக்குத் தொந்தரவு இல்லை. அவை இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வெளியிலிருந்து வருகிற பொல்லாத கிருமிகளுக்கு இடம் கிடைப்பதில்லை.

இவற்றை முதலில் பார்த்தவர் டாக்டர் இல்லை, ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹுக். 1683-ல் தன் பல்லிடுக்கில் மாவு போல ஒட்டியிருந்ததைச் சுரண்டி, தானே செய்த லென்ஸில் பார்த்தார். உள்ளே உயிர்கள் துள்ளி ஓடின. வாழ்நாளில் வாயே சுத்தம் செய்யாத ஒரு கிழவரையும் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அங்கே பெருங்கூட்டம்! இன்றைக்கு இரவு நீங்களும் கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை, ஈறு தொடும் இடத்தில், நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பிசுபிசுவென்று வரும். நாங்கள் பிளாக் என்று சொல்வது அதைத்தான்.

சரி, தொந்தரவு எப்போது ஆரம்பிக்கிறது? குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் என்னிடம் வருவார்கள். பல்லெல்லாம் சொத்தை. "நான் இனிப்பே தின்னமாட்டேன் டாக்டர்" என்பார்கள். பொய் சொல்வதில்லை. ஆனால் விடியுமுன்னே ஒரு கட்டன்சாயா (பால் விடாத டீ), வெட்டி முடித்ததும் ஒன்று, பால் எடுத்துக் கொடுத்ததும் ஒன்று, கடையில் நாலு பேரைக் கண்டால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சீனி.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சீனியைத் தின்று அமிலத்தை விடுகின்றன. 1940-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் இதை அளந்து காட்டினார். இனிப்பு பட்ட சில நிமிடங்களிலேயே பல்மேல் பி.எச். அளவு சரிகிறது, அதாவது அமிலம் கூடுகிறது. சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். கரைந்த இடத்தில் கால்சியத்தைத் திரும்பப் படிய வைப்பதும் அதுதான். அந்த நேரம் முடியுமுன் அடுத்த சாயா வந்தால் என்ன ஆகும்? அதனால் நான் சீனியின் அளவைவிட, எத்தனை தடவை என்றுதான் கேட்பேன். முந்திரிக்கொத்து தின்னுங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சோற்றோடு சேர்த்துத் தின்றுவிடுங்கள், டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் கொறிக்காதீர்கள். ராத்திரி பல் தேய்த்தபின் எதுவும் வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் ரொம்பக் குறைவு.

சொத்தை வலிக்கும், அதனால் வந்துவிடுவீர்கள். ஈறு நோய் வலிக்காது. 1965-ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்பவர் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிவிட்டது. தேய்க்கத் தொடங்கினார்கள், ஒரு வாரம் போல ஆனதும் சரியானது. நாம் என்ன செய்கிறோம்? ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்க்கிறோம். தேய்க்க வேண்டியதே அந்த இடத்தைத்தான், மெதுவாக. அப்புறம், "சுத்தம் பண்ணினால் பல் ஆடும்" என்ற பேச்சு. பிளாக் இறுகிக் கல்லானதுதான் காரை. அதில் ஒட்டிய கிருமிகளால் ஈறு கெட்டு, எலும்பு கரைந்து, பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். கட்டியாக நின்ற காரையை எடுத்ததும் அது உங்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். பழி எங்கள் தலையில்.

முற்றிய ஈறு நோயில் புண்பட்ட பரப்பைக் கூட்டினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும். காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் சும்மா இருப்பீர்களா? சுகர் உள்ளவர்களுக்கு இது இருபக்கமும் வெட்டுகிறது. சுகர் கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகர் அடங்காது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை இறங்குகிறது. செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் உட்கார்ந்துவிடும்.

நல்லதும் உண்டு. கீரை, பீட்ரூட்டில் நைட்ரேட் இருக்கிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கின் பின்பகுதியில் இருக்கும் பாக்டீரியாக்கள். வயிற்றுக்குப் போய் அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் அவற்றைக் கொன்றபோது பிரஷர் சற்று ஏறியதைச் சில ஆய்வுகள் காட்டின. டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அதற்காக எல்லா நோயையும் வாய்மேல் போடக்கூடாது. 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் டாக்டர் கனடாவின் மான்ட்ரியாலில் ஒரு சொற்பொழிவில், வாய்க் கிருமியால்தான் உடம்பில் பல நோய் வருகிறது என்று பல் வைத்தியத்தைச் சாடினார். அதன்பின் பல வருடம் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூடப் பல்லைப் பிடுங்கித் தள்ளினார்கள். இப்போது அல்சைமர் நோய்க்கும் ஈறுக் கிருமிக்கும் முடிச்சுப் போடுகிறார்கள். அந்தக் கிருமியைக் குறிவைத்த ஒரு மருந்து, 2021-ல் வெளியான சோதனை முடிவில் தேறவில்லை.

நேரமாகிவிட்டது, வந்த கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உமிக்கரி? அழுக்கு போகும், கூடவே எனாமலும் தேயும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு போதும். துப்பிவிட்டு வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள்.

முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு? புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தருவதுதான். விட்டுவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டாவுக்கு? நல்ல கேள்வி. அவர் வாயிலுள்ள கிருமி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் தினமும் வாயைச் சுத்தம் செய்ததில் நிமோனியா குறைந்தது. தலையைச் சற்று உயர்த்தி, ஒரு பக்கமாகத் திருப்பி, மென்மையான பிரஷில் பல், ஈறு, நாக்கு எல்லாம் துடையுங்கள். பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போடுங்கள், கழுவிவிட்டுக் காலையில் மாட்டினால் போதும்.